மரை சொல்லும் வரலாறு

நிப்பிள் என்றதும் குழந்தையின் பால் புட்டி ஞாபகம் வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. நான் சொல்லப்போவது டிராக்டரின் நிப்பிள். முன் அச்சு, ஸ்டியரிங் மூட்டு, கிளட்ச் பெடல் தண்டு என்று இரும்போடு இரும்பு உரசும் இடங்களில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள், அதுதான் கிரீஸ் நிப்பிள். கிரீஸ் கன்னின் வாயை அதில் பொருத்தி நாலு அழுத்து அழுத்தினால் உள்ளே மசகு போகும். விலை ஒரு டீ, ஒரு வடை. அவ்வளவுதான்.

பி.காம். படித்துவிட்டு வங்கியில் பேரேடு புரட்டுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். லூதியானாவில் விவசாயக் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு டிராக்டரும் ஒரு பேரேடுதான். அதையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே வந்த பிறகு ஒரு பட்டறை மிஸ்திரியிடம் கற்றுக்கொண்ட விஷயம் இது. பழைய டிராக்டரில் உடைந்த நிப்பிளைக் கழற்றி, அந்தத் துளையின் மரையை அளந்து பார்த்தால், அந்த வண்டியின் பூர்வீகம் எந்த நாடு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பூர்வீகம் தெரிந்தால், அது எந்தக் காசில் வந்தது என்பதையும் ஊகித்துவிடலாம். டாலர் கடனிலா, ரூபாய் வர்த்தகத்திலா என்று. நம் நாட்டு அந்நியச் செலாவணியின் கதை பாதி அந்தத் துளைக்குள் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி மையிலிருந்து...

மசகு போடுவது டிராக்டரோடு வந்த பழக்கம் இல்லை. எங்கள் மன்னார்குடி பக்கத்தில் மாட்டு வண்டி வைத்திருந்தவர்கள் வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்வார்கள். கடையாணியை எடுத்து, சக்கரத்தை இழுத்து, அச்சில் மையைத் தடவித் திரும்ப மாட்டுவார்கள். மை போடாத வண்டி கத்திக்கொண்டே வரும். யார் வீட்டு வண்டி என்று தெருவுக்கே தெரிந்துவிடும். என் பெரியப்பாவுக்கு அது மானப் பிரச்சினை.

இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. மை போட வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். இயந்திரங்கள் வந்தபோது அது நடக்காத காரியம். முதலில் வெறும் எண்ணெய்த் துளை வைத்தார்கள். அதில் எண்ணெயோடு புழுதியும் இறங்கியது. பிறகு கிரீஸ் கப் வந்தது. சின்ன மூடி, அதற்குள் கிரீஸ், மூடியைத் திருகினால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கார்களிலும் டிராக்டர்களிலும் இப்படி நிறைய கப்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் கையால் நிரப்ப வேண்டும். கையால் திருகும் அழுத்தத்துக்குப் பழைய அழுக்கு கிரீஸ் வெளியே தள்ளப்படவும் இல்லை.

முதல் உலகப் போர் காலத்தில் சிகாகோவில் ஆர்தர் குல்போர்க் என்பவர், தன் தந்தையின் அச்சு வார்ப்புத் தொழிற்சாலையில் தினமும் எண்ணெய்க் கப்களை நிரப்பி நிரப்பி அலுத்துப்போய், ஒரு வழி கண்டுபிடித்தார். திருகி அழுத்தும் கன், அதிலிருந்து ஒரு குழாய், இயந்திரத்தில் நிரந்தரமாக நிற்கும் ஒரு மூக்கு. அந்தக் கம்பெனியின் பெயரான அலமைட் இன்றைக்கும் கிரீஸ் சாமான்களில் உண்டு. ஆனால் அவருடைய மூக்கில் குறுக்கே ஒரு முள் இருக்கும், குழாயை அதில் மாட்டிப் பூட்ட வேண்டும்.

பூட்டே வேண்டாம், அழுத்தினால் போதும் என்று ஆக்கியவர் ஆஸ்கர் ஜெர்க். 1878-ல் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். நம்மைப் போல ஊர் விட்டு ஊர் போன ஆசாமிதான் :-) 1923-ல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்க மெக்கானிக்குகள் இன்றும் நிப்பிளை ‘ஜெர்க்’ என்றே சொல்கிறார்கள். 1968-ல் இறந்தார்.

நிப்பிளின் உள்வேலை ரொம்ப எளிது. மூக்கு நுனியில் ஒரு சின்ன எஃகுக் குண்டு. அதைப் பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கும். கன்னிலிருந்து கிரீஸ் அழுத்தத்தோடு வந்தால் குண்டு உள்ளே போய் வழி விடும். அழுத்தம் நின்றதும் குண்டு திரும்ப வந்து வாயை அடைக்கும். கிரீஸ் வெளியே வராது, சேறு உள்ளே போகாது. சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை, பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. வயல் வரப்பில் நின்றபடியே உழவர் தன் வண்டிக்கு மை போட்டுவிடலாம்.

தலை ஒன்று, வால் வேறு

நிப்பிளின் தலை கிட்டத்தட்ட உலகம் முழுக்க ஒன்றுதான். மோகா சந்தையில் வாங்கிய கன் மன்னார்குடி டிராக்டரிலும் பொருந்தும். வால்தான் தகராறு. வண்டிக்குள் திருகி நிற்கும் அந்த மரைப் பகுதி நாட்டுக்கு நாடு வேறு.

இதன் மூலத்தைத் தேடினால் 19-ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். 1841-ல் இங்கிலாந்தில் ஜோசஃப் விட்வொர்த், ஆளுக்கு ஒரு மாதிரி மரை போட்டது போதும் என்று ஒரே முறை ஒன்றை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. 1864-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், 60 பாகைதான் வெட்ட எளிது என்று வேறொன்றை முன்வைத்தார். ஐரோப்பாவில் மில்லிமீட்டர் கணக்கில் மெட்ரிக் மரை வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகள் ஒரே பக்கம் நின்று சண்டை போட்டும் ஒருவர் போல்ட் இன்னொருவர் நட்டில் ஏறவில்லை. அந்தச் சங்கடத்தின் விளைவாக 1948 நவம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் பொது அங்குல மரை ஒன்றுக்குக் கையெழுத்திட்டன. ஆனால் குழாய் மரைகள் பழையபடி தனித்தனியாகவே நின்றுவிட்டன. நிப்பிளில் பெரிய அளவுகள் இந்தக் குழாய் மரைகளில்தான் வருகின்றன.

இப்போது எண்களைக் கவனியுங்கள். மெட்ரிக் எம்-10 நிப்பிளின் வெளி விட்டம் 10 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 1 மி.மீ. பிரிட்டிஷ் அரைக்கால் அங்குலக் குழாய் மரையின் விட்டம் 9.73 மி.மீ., அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்க அரைக்கால் அங்குலம் 10 மி.மீ.க்குச் சற்று மேல், அங்குலத்துக்கு 27 மரை. (அரைக்கால் அங்குலம் என்பது குழாயின் பெயரளவுதான், மரையின் விட்டம் அல்ல.) மூன்றையும் உள்ளங்கையில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சின்ன அளவிலும் இதே கூத்து. மெட்ரிக் எம்-6 என்பது 6 மி.மீ., அங்குலக் கணக்கில் கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ.

பிரிட்டிஷ் நிப்பிளை மெட்ரிக் துளையில் போட்டால் ஏறுவது போல ஏறும், ஆனால் ஆடும். கன்னை வைத்து அழுத்தினால் பக்கவாட்டில் கிரீஸ் பிதுங்கும், ஒரு நாள் தெறித்து விழும். மெட்ரிக் நிப்பிளை பிரிட்டிஷ் துளையில் போட்டால் ஒன்றிரண்டு சுற்றில் இறுகிவிடும். பலம் போட்டால் துளையின் மரையையே தின்றுவிடும். ‘மரை கழன்றவன்’ என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

எந்தக் காசில் வந்த வண்டி?

சரி, இந்த மூன்று வகையும் ஒரே பஞ்சாப் கிராமத்தில் எப்படி வந்து சேர்ந்தன? இங்கேதான் வங்கிக்காரனுக்கு ருசி.

சுதந்திரம் வந்த நேரத்தில் இந்தியாவில் டிராக்டர் தயாரிப்பு கிடையாது. போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற வண்டிகளை வைத்து மத்திய டிராக்டர் அமைப்பு என்று அரசு ஒன்றைத் தொடங்கியது. மத்திய இந்தியாவில் காஸ் என்ற ஆழ வேர் புல் லட்சக்கணக்கான ஏக்கரைத் தின்றுகொண்டிருந்தது. அதை உழுது எடுக்கக் கனரக டிராக்டர் வாங்க 1949 செப்டம்பரில் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. அதற்கு முந்தைய மாதம் ரயில்வேக்குக் கிடைத்ததற்கு அடுத்தபடி, உலக வங்கியிடம் இந்தியா வாங்கிய இரண்டாவது கடன் அது. டாலர் கடன், அமெரிக்க இயந்திரம், அங்குல மரை.

1955-ல் குருஷ்சேவும் புல்கானினும் வந்து போனார்கள். அடுத்த ஆண்டு ராஜஸ்தானின் சூரத்கரில், சோவியத் நாடு அன்பளிப்பாகத் தந்த இயந்திரங்களோடு பெரிய அரசுப் பண்ணை தொடங்கியது. அதே 1956-ல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம். இறக்குமதி கூடி, 1957-58-ல் அந்நியச் செலாவணி கையிருப்பு கரைந்தது. டாலரும் பவுண்டும் இல்லை, டிராக்டரோ வேண்டும். என்ன செய்வது?

ரூபாய் வர்த்தகம். சோவியத் யூனியனோடும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளோடும் ரூபாயிலேயே கணக்கு வைத்து, ரூபாயிலேயே நேர் செய்யும் ஒப்பந்தங்களை இந்தியா போட்டது. நாம் தேயிலை, சணல், தோல் சாமான் அனுப்புவோம், அவர்கள் இயந்திரம் அனுப்புவார்கள். டாலர் தொடவே வேண்டாம். அப்படித்தான் செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டர், போலந்தின் உர்சுஸ், ருமேனியாவின் வண்டிகள், சோவியத்தின் பெலாரஸ் எல்லாம் நம் வயலில் இறங்கின. மாநில வேளாண் தொழில் கழகங்கள் மூலமாக விநியோகம் நடந்தது. இந்த வண்டிகளோடு வந்தது பெரும்பாலும் மெட்ரிக் மரை.

உள்நாட்டுத் தொழிற்சாலைகளும் ஆளுக்கொரு தேசத்தோடு கைகோத்தன. 1959-ல் ஃபரிதாபாத்தில் ஐஷர், ஜெர்மனியோடு. 1960-ல் நம் சென்னையில் டாஃபே, மாஸி ஃபெர்குசனோடு. 1963-ல் பம்பாயில் மஹிந்திராவும் வோல்டாஸும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து தனிக் கம்பெனி தொடங்கி பி-275 மாடலைக் கொண்டுவந்தன. எஸ்கார்ட்ஸ் முதலில் போலந்தோடும், 1969-ல் ஃபோர்டோடும். அரசின் எச்.எம்.டி. 1971-ல் சண்டிகர் அருகே பிஞ்சோரில் ஜெட்டர் வடிவத்தை எடுத்து 25 குதிரைத்திறன் வண்டியைத் தொடங்கியது. யாரையும் கேட்காமல் துர்காபூர் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிலையத்தில் நம்மவர்களே வரைந்த டிராக்டர்தான் ஸ்வராஜ். 1974-ல் மொஹாலியில் பஞ்சாப் டிராக்டர்ஸ் அதைத் தயாரித்தது. பெயரைப் பாருங்கள், ஸ்வராஜ்! (2007-ல் மஹிந்திரா அந்தக் கம்பெனியை வாங்கியது. ஐஷரின் டிராக்டர் பிரிவை 2005-லேயே டாஃபே வாங்கியிருந்தது.)

1968-ல் டிராக்டர் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை என்று அரசு அறிவித்தது. 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. கிராமத்துக்குப் போ, விவசாயிக்குக் கொடு என்று எங்கள் முன்னோர்களுக்கு உத்தரவு. பச்சைப் புரட்சியின் கோதுமைப் பணமும் வங்கிக் கடனும் சேர்ந்தபோது பஞ்சாபில் டிராக்டர் பெருகியது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் ஃபோர்டு, அடுத்த வீட்டில் ஜெட்டர், எதிர் வீட்டில் மாஸி. சர்க்கார் கணக்கில் எல்லாம் ஒன்று, ‘டிராக்டர் கடன்’. நிப்பிள் மாற்றுகிறவனுக்கோ மூன்றும் மூன்று தேசம்.

ஒரு எச்.எம்.டி.யும் ஒரு கடன் மனுவும்

நான் இந்தப் பாடத்தைப் படித்தது 2017-ல். லூதியானாவுக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் வருடம். எழுபது தாண்டிய ஒரு சர்தார்ஜி புது டிராக்டருக்குக் கடன் கேட்டு மனு கொடுத்திருந்தார். ஆறு ஏக்கர் நிலம், நெல்லும் கோதுமையும். வீட்டில் 1976-ல் வாங்கிய எச்.எம்.டி. 2511. கனடாவில் இருக்கும் மகன் தினமும் போன் செய்து “அதைத் தள்ளிவிடுங்கள்” என்கிறான் என்று சொன்னார். அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. பிஞ்சோர் தொழிற்சாலையை மூட 2016 அக்டோபரில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது. இனி உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?

பழைய வண்டியை டீலர் எடுத்துக்கொண்டால் அந்தத் தொகை கடனில் அவருடைய பங்காகச் சேரும். அதனால் வண்டியைப் பார்க்கப் போனேன். எஞ்சின் ஒரே திருகில் எடுத்தது. ஆனால் முன் சக்கரங்கள் இரண்டும் குடிகாரன் கால் மாதிரி ஆடின. டீலர் போட்ட மதிப்பு கிட்டத்தட்ட பழைய இரும்பு விலை. மீதி ஆறு லட்சத்துக்கு ஆறு ஏக்கரும் அடமானத்துக்கு வர வேண்டும். அறுவடைக்கு அறுவடை தவணை. மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது, எனக்கு இலக்கு பாக்கி. காகிதப்படி எல்லாம் சரி.

ஆனால் வண்டியைச் சுற்றி வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முன் அச்சில் இருக்க வேண்டிய நிப்பிள்களில் பாதி இல்லை. ஒன்று கழுத்தோடு முறிந்திருந்தது. இன்னொன்றைச் சுற்றி எம்-சீல் பூசியிருந்தது. ஒரு துளையை யாரோ வெல்டிங் வைத்தே அடைத்திருந்தார்கள். நெல் நடவுக்கு இங்கேயும் சேற்றுழவு உண்டு. சேற்றில் ஓடும் வண்டிக்கு முன் அச்சில் தினமும் கிரீஸ் அடிக்க வேண்டும். புது கிரீஸ் உள்ளே போகும்போதுதான் சேறும் தண்ணீரும் வெளியே வரும். வழியே இல்லாவிட்டால் கிங் பின்னும் புஷ்ஷும் மணலில் அரைபட வேண்டியதுதான்.

“பாவூஜி, மனு என் மேஜையில் இருக்கட்டும். முதலில் இதை ஒரு நல்ல மிஸ்திரியிடம் காட்டுங்கள்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடன் வேண்டாம் என்று சொல்லும் பேங்க்காரனை அவர் பார்த்திருக்க மாட்டார் போல.

கில் ரோடு பக்கம் ஒரு பட்டறை. மிஸ்திரிக்கு வயது ஐம்பது இருக்கும். சர்தார்ஜியை ‘தாயா ஜி’ என்று கூப்பிட்டார், நம்மூர்ப் பெரியப்பா மாதிரி. சனிக்கிழமை மதியம் ஆரம்பித்த வேலையை ஞாயிறு முழுக்க நின்று பார்த்தேன். உங்களில் யாருக்காவது உதவும் என்பதால் அவர் செய்த வரிசையிலேயே தருகிறேன்.

முதலில் டீசலும் கம்பி பிரஷ்ஷும் போட்டு நிப்பிள்களைச் சுற்றி இருந்த அழுக்கைச் சுத்தமாகக் கழுவினார். அழுக்கோடு கழற்றினால் அழுக்கு உள்ளேதான் போகும் என்றார். பிறகு முழுசாக இருந்த ஒன்றைக் கழற்றி வெர்னியரில் அளந்தார். 9.7. “இது இந்த வண்டியின் மாலே இல்லை. ஜெட்டர் ரத்தம் மெட்ரிக். யாரோ மாஸியின் நிப்பிளைப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் நிற்காமல் எம்-சீல் பூசியிருக்கிறார்கள்.” புது எம்-10 நிப்பிளை மரை அளக்கும் இலைத் தகட்டில் வைத்துக் காட்டினார். 1 மி.மீ. இடைவெளி, வெளிச்சம் தெரியாமல் உட்கார்ந்தது.

கழுத்து முறிந்ததற்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தார். பிறகு சுற்றியுள்ள இரும்பைக் கொஞ்சம் சூடு காட்டினார். நிப்பிளின் உள்ளே குழல் இருப்பதால் தனியாகத் துளை போட வேண்டியதில்லை. உள்ளே சிக்கியிருந்த ஸ்பிரிங் துண்டை ஊசியால் எடுத்துவிட்டு, ஈஸி அவுட் என்கிற கூம்பு ஆணியைச் செருகினார். அதன் மரை இடப்பக்கமாக ஓடும். கழற்றுகிற திசையில் திருப்பத் திருப்ப அது இன்னும் ஆழமாகக் கவ்வும். ‘க்ரீச்’ என்று ஒரு சத்தம், முறிந்த துண்டு சுழன்று வந்தது. அவசரப்பட்டு முறுக்கினால் ஈஸி அவுட்டே உள்ளே முறிந்துவிடும், அதைத் துளைக்க இந்த ஊரில் டிரில் கிடையாது என்று சிரித்தார்.

வெல்டிங் வைத்த துளைக்குத்தான் நேரம் பிடித்தது. நடுவில் பொட்டு வைத்து, சின்ன டிரில்லில் தொடங்கி 9 மி.மீ. வரை பெரிதாக்கி, எம்-10 டேப் ஓட்டி மரை வெட்டினார். டிரில்லிலும் டேப்பிலும் கிரீஸைப் பூசிக்கொண்டே வேலை செய்தார். இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். தப்பியது புஷ்ஷுக்குள் போனால் அரம் மாதிரி அரைக்கும். கடைசியில் சிரிஞ்சால் டீசல் அடித்துக் கழுவினார். தேய்ந்த கிங் பின்னும் புஷ்ஷும் மாற்றப்பட்டன. எச்.எம்.டி. அசல் கிடைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு லேத்தில் புஷ் கடைந்து வந்தது. லூதியானா நட்டும் போல்ட்டும் சைக்கிளும் செய்து பிழைக்கும் ஊர், இரும்பு இங்கே கைப்பழக்கம்.

கிரீஸ் அடிக்கும்போது முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்த பிறகே கன்னை எடுத்தார். வண்டியின் பாரம் பின் மேல் உட்கார்ந்திருந்தால் பாரம் அழுத்தும் பக்கம் கிரீஸ் போகாது, காலியான பக்கமே போகும். முதலில் கறுப்புக் குழம்பு வந்தது, பிறகு பழுப்பு, கடைசியில் புது கிரீஸின் நிறம். அது தெரிந்ததும் நிறுத்தினார்.

பக்கத்தில் நின்ற பையன் கன்னின் ரப்பர் குழாயை விரலால் பிடிக்கப் போனபோதுதான் அவர் முதல் தடவையாகக் கத்தினார். கை கன்னில் சதுர அங்குலத்துக்குப் பல ஆயிரம் பவுண்டு அழுத்தம் வரும். நிப்பிள் அடைத்து, குழாயில் ஊசி முனை அளவு விரிசல் இருந்தாலும் கிரீஸ் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காது. அப்படி ஆனால் மஞ்சள் பற்றுப் போட்டு உட்காராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாமதித்தால் விரலே போகலாம். இதை மட்டும் ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

மொத்தச் செலவு நாலாயிரத்து அறுநூறு ரூபாய். நிப்பிள்களின் பங்கு அதில் நூறுகூட இல்லை. திங்கட்கிழமை சர்தார்ஜி வந்து மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அந்த மார்ச்சில் என் இலக்கில் ஒன்று குறைந்தது. மேலே இருந்தவர்கள் கேட்டார்கள், “பார்ட்டி பின்வாங்கிவிட்டார்” என்றேன். உண்மைதானே.

உண்மையான சுதேசி

வண்டியில் எத்தனை பங்கு உள்நாட்டுப் பாகம் என்று ஒரு காலத்தில் அரசு கம்பெனி கம்பெனியாகக் கணக்குக் கேட்டது. அது வேண்டிய கணக்குதான். ஆனால் தொழிற்சாலை வாசலோடு அந்தக் கணக்கு முடிந்துவிடும். வாசலுக்கு வெளியே நாற்பது ஐம்பது வருடம் வண்டி ஓடுகிறதே, அந்தக் கணக்கை வைத்திருப்பவர் யார்? செக் நாட்டுப் பின்னுக்கு லூதியானா லேத்தில் புஷ் கடைந்து, பழைய துளைகளைத் தேடித் திறந்து, கேடுகெட்ட மரையை வெட்டி எடுத்து அடுத்த அளவில் புது மரை போடும் மிஸ்திரிதான். கால் அங்குலத் துளை கெட்டுப்போனால் அவர் 7 மி.மீ. டிரில் விட்டு எம்-8 ஆக்கிவிடுகிறார். அமெரிக்க வண்டி அன்றையிலிருந்து அந்த ஒரு துளையில் மெட்ரிக். இப்படித் துளை துளையாக, பட்டறை பட்டறையாக அந்த வண்டிகள் நம்முடையவை ஆயின. இதற்கு எந்த அமைச்சகத்திலும் புள்ளிவிவரம் இல்லை.

கடன் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அதுதான் என் சோறு. தேவைப்படுகிறவருக்குப் புது டிராக்டர் வேண்டும், அதற்கு வங்கியும் வேண்டும். ஆனால் ஆறு ஏக்கர்காரருக்கு 25 குதிரைத்திறன் போதும் என்றால், அந்த 25 குதிரைகளையும் உயிரோடு வைத்திருப்பதுதான் அவருக்கு மலிவான சொத்து. வண்டி கடனுக்குள் போனால் நிலமும் அதன் பின்னால் போகிறது. கடன் புத்தகங்களில் அந்த வரிசையை நான் பலமுறை பார்த்துவிட்டேன். பல வீடுகளில் முதல் படி ஒரு பெரிய நஷ்டம் இல்லை. உடைந்தபோதே மாற்றாத ஒரு சின்னச் சாமான்.

என்னைப் போல வெளியூரில் இருக்கும் பலருடைய வீட்டில், கிராமத்தில் அப்பாவோ சித்தப்பாவோ அண்ணனோ ஒரு பழைய மாஸியையோ ஐஷரையோ வைத்துக்கொண்டு மாரடித்துக்கொண்டிருப்பார்கள். “இன்னும் இதை ஏன் வெச்சிருக்கீங்க, வித்துட்டுப் புதுசு வாங்குங்க” என்று இங்கிருந்து போனில் சொல்வது சுலபம். அடுத்த லீவில் போகும்போது ஒரு வெர்னியரையும் ஒரு டஜன் நிப்பிளையும் கையோடு எடுத்துப் போங்கள். வாங்குவதற்கு முன் ஊருக்கு போன் போட்டு, நல்லபடியாக இருக்கும் ஒரு நிப்பிளைக் கழற்றி மரையை அளக்கச் சொல்லுங்கள். 9.7 என்றால் பிரிட்டிஷ், சரியாக 10 என்றால் மெட்ரிக், 10-ஐத் தாண்டினால் அமெரிக்கன். பழைய நிப்பிளில் மரை தேய்ந்திருக்கும் என்பதால் இடைவெளியையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சர்தார்ஜியின் எச்.எம்.டி. போன நடவிலும் சேற்றில் இறங்கியது. கனடா மகன் லீவில் வந்தபோது அவனிடமே கன்னைக் கொடுத்து கிரீஸ் அடிக்கச் சொன்னாராம். வங்கிக்கு ஓய்வூதியம் வாங்க வரும்போது சொன்னார்.